தலைவர்கள் வரிசையில் ஹென்க்

1

எழுதத் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்கும்போது நான் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது பத்தாம் வகுப்பு. வாழ்நாளில் நான் எழுதியதெல்லாம் எட்டடிக்குப் பத்தடி அளவில்: 'வருக வருக', 'மஞ்சள் நீராட்டு விழா', 'கண்ணீர் அஞ்சலி'. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ரயிலடிக்குப் போகிற வழியில் ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில் எட்டு வருடம் டிசைனராக இருந்தேன். பிறகு கப்பலில் பாத்திரம் கழுவப் போய், ஹாலந்தில் ரோட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி, அந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். இப்போது அங்கே ஓர் அச்சுக்கடையில் வேலை. பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது.

நான் கல்யாணம் செய்துகொண்டவர் பெயர் ஹென்க். ஆண். முக்கியமான முகத்தை மேலேயே வைத்துவிட வேண்டும் என்பது பேனர் வேலையில் கற்றது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆறடி நாலங்குல உயரம், வழுக்கைத் தலை, நெஞ்சு வரை வெள்ளைத் தாடி. நகராட்சியில் பாலம் தூக்குகிற உத்தியோகம். கப்பல் வந்தால் சாலையை மறித்து, பொத்தானை அழுத்திப் பாலத்தைத் தூக்கி, கப்பல் போனதும் இறக்கி வைக்க வேண்டும். அதுவரை காரில் காத்திருப்பவர்கள் அவரைத் திட்டுவார்கள். அவர் டீ குடிப்பார்.

இதை எழுதத் தூண்டியது எங்கள் வீட்டுக் கக்கூஸ். அந்த நாட்டில் பிறந்தநாள் காலண்டரைக் கக்கூஸில்தான் மாட்டுவார்கள். தினமும் தவறாமல் உட்காருகிற இடம், அதனால் யார் பிறந்தநாளும் மறந்துபோகாது என்பது அவர்கள் யோசனை. என் அக்கா ராணி, அவள் புருஷன், மகள் நித்யா, என் குடும்பம் மொத்தமும் அங்கேதான் தொங்குகிறது. காலமான என் அம்மாவையும் ஹென்க் எழுதி வைத்திருந்தார். கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை மட்டும் வெளியே கொண்டுவந்தேன்.

போன வாரம் அங்கே உட்கார்ந்திருந்தபோது பார்க்கிறேன், ஒரு தேதிக்கு நேராக 'நித்யா கல்யாணம், ஒரு வருடம்' என்று ஹென்க் எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் இரண்டு முகம். ஒன்றுக்குத் தாடி. அந்த வட்டத்தின் கதைதான் இது.

2

அதற்கு முன் வெள்ளை இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கடை முதலாளியம்மாவுக்கு வெள்ளை இடம் என்றால் உயிர். நான் சேர்ந்த புதிதில் ஒரு ரொட்டிக்கடை திறப்பு விழாவுக்குப் போஸ்டர் செய்யச் சொன்னார். என் திறமை முழுவதையும் காட்டினேன். ரொட்டி, ரொட்டிக்காரர், அவர் மனைவி, ஒரு காற்றாலை, உதிக்கும் சூரியன், இரண்டு பக்கமும் மாலையோடு யானை. முதலாளியம்மா காபியை உறிஞ்சிக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு யானைகளை எடுத்தார். சூரியனை எடுத்தார். மனைவியை எடுத்தார். சாயங்காலம் பார்த்தால் ஒரே ஒரு ரொட்டியும், மூலையில் எறும்பு அளவுக்குக் கடைப் பெயரும்தான் மிச்சம். அதற்குப் பரிசு கிடைத்தது. திருப்பாதிரிப்புலியூரில் கொடுத்திருந்தால் 'மீதியை எப்போது அடிப்பீர்கள்?' என்று கேட்டிருப்பார்கள்.

தேர்தலும் அங்கே அப்படித்தான். ஊருக்கு நடுவில் நகராட்சியே ஒரு பெரிய பலகையை நட்டு வைக்கும். அதில் கட்சிக்கு ஒரு கட்டம். ஆளுங்கட்சிக்கும், போன மாதம் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த கட்சிக்கும் ஒரே அளவு. நம்மூரில் பேனரைப் பார்த்தாலே யார் மாவட்டம், யார் வட்டம், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிவிடலாம். அங்கே பிரதமர் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. சைக்கிளில் போன ஒருவரைக் காட்டி ஹென்க் சொன்னார், நான் நம்பவில்லை.

அந்த ஊரில் நானும் ஹென்க்கும் கை கோத்துக்கொண்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடலூரில் இரண்டு ஆண்கள் கை கோத்துக்கொண்டு நடந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காரணம்தான் வேறு.

3

கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது, எனக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று ஊரிலிருந்து எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். ஆகாத கல்யாணத்துக்குச் சான்று தேடி லீவு போட்டுக் கடலூர் வந்தேன். விஏஓ நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"எதுக்குப்பா இது?"

"கல்யாணத்துக்கு சார். அந்த ஊர் சட்டம்."

"பொண்ணும் அந்த ஊருதானா?"

"அந்த ஊருதான் சார்." பாதி உண்மை.

"என்னா வேல?"

"பாலம் தூக்குறது சார்."

அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல ஓங்குதாங்கான பொண்ணாத்தான் இருக்கும். நீ ஒல்லியா இருக்க. ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சிதம்பரத்தில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் போனில் உண்மையைச் சொன்னேன். நேரில் சொல்ல எனக்குக் கூச்சம். பின்னால் குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது விசிலுக்குப் பிறகு, "அவருக்குச் சமைக்கத் தெரியுமாடா?" என்றாள்.

"உருளைக்கிழங்கு அவிப்பாரு."

"சரி" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, நம் நாட்டில் இது குற்றமில்லை என்று தீர்ப்பு வந்த அன்று, நானே கூப்பிட்டு, "டிவியில பாத்தியா?" என்றேன். "பாத்தேன். ஒங்க மாமாவும் பாத்தாரு. சத்தத்தக் கொறைக்கல" என்றாள்.

மாமா என்பது அக்காவின் புருஷன். சங்கத்துக்காரர். உலகத்தில் எந்த மூலையில் அநியாயம் நடந்தாலும் மறுநாள் பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டு எதிரில் கொடியோடு நிற்பார். மச்சானுக்காக மட்டும் ஒரு துண்டு நோட்டீஸ்கூட அடித்தது கிடையாது. ஒரு தடவை ஹென்க்கைச் சிதம்பரத்துக்குக் கூட்டி வந்தபோது மாமாதான் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போனார். படகுக்காரர் ஹென்க்கை நடுவில் உட்கார வைத்து, "அசையாதீங்க சார், அப்புறம் அல்லாரும் நண்டு புடிக்க வேண்டியதுதான்" என்றார். ஒரு மணி நேரம் மாமாவும் ஹென்க்கும் முட்டிக்கு முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து, ஹாலந்துத் துறைமுகத்தில் எத்தனை மணி நேர வேலை, லீவு எத்தனை நாள் என்று பேசினார்கள். நான் மொழிபெயர்த்தேன். ஹென்க்கின் தாடி சுரபுன்னைக் கிளையில் மாட்டியபோது மாமாதான் பிரித்துவிட்டார். கரை ஏறியதும் படகுக்காரர், "யாரு சார் இவரு?" என்றார்.

"மச்சானோட பிரெண்டு" என்றார் மாமா.

அக்கா வீட்டுப் பந்தியில் ஹென்க் கற்ற ஒரே தமிழ்ச் சொல் 'போதும்'. அக்கா அதை ஒரு தடவையும் நம்பியதில்லை.

4

பிரெண்டு என்ற சொல்லின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பேனரில் அதற்கு எங்கே இடம் என்று தெரிந்ததுதான் சிக்கல்.

கல்யாணப் பேனருக்கு ஒரு சட்டம் இருக்கிறது. உச்சியில் சாமி. அடுத்து, குடும்பத்தின் கட்சியைப் பொறுத்து, தலைவர்கள் வரிசை. ஓரத்தில் மாலையோடு காலமானவர்கள். நடுவில் மணமக்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் வட்டம் வட்டமாக உறவு, வட்டத்துக்கு ஒரு ஜோடி. எல்லாவற்றுக்கும் கீழே, தீப்பெட்டி அளவில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பிரெண்டுகள். இதில் தாய்மாமன் வட்டம் மணப்பெண்ணின் தோளை ஒட்டி வர வேண்டும். அது கால் அங்குலம் சின்னதாகிப் போனதற்காகப் பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுந்த மாமன்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ராத்திரியோடு ராத்திரியாக வேறு அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

டிசைன் செய்கிறவர்கள் கடைசி வரிசையில் தங்கள் முகத்தையும் சொருகிக்கொள்வது வழக்கம். நான் அதுவும் செய்ததில்லை. ஊரில் பாதிப் பேர் முகத்தை வெட்டி ஒட்டினவன், என் முகம் ஒரு பேனரிலும் கிடையாது.

நித்யா கூப்பிட்டாள். "மாமா, என் கல்யாணத்துக்கு நீதான் பேனர் டிசைன் பண்ற. அம்மா சொல்லிட்டாங்க."

"பண்றேன்மா."

"ஒன் போட்டோ இல்லாம மட்டும் அனுப்பிப் பாரு. மார்க்கர் எடுத்து நானே வரஞ்சிடுவேன். எனக்கு மூக்கு வரைய வராது, சொல்லிட்டேன்."

உட்கார்ந்தேன். எல்லாம் வேகமாக வந்தது. தாய்மாமன் வட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. என்னை வைத்தேன். வட்டத்தில் பாதி காலி. பக்கத்தில் ஹென்க்கை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். ஹென்க் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைக் கீழே பிரெண்டுகளோடு போடு. எனக்குக் கறுப்புக் கண்ணாடி எடுப்பாக இருக்கும்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தடவையாக ஒரு பேனரில் எனக்கு இடம் வேண்டியிருந்தது. அவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டாம்.

இரண்டு முகமும் வைத்தே அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, கடையில் ஒரு டாக்டர் போர்டில் பல்லைத் தலைகீழாக அடித்துவிட்டேன். மூன்றாம் நாள் அக்காவின் குரல் வந்தது: "பொண்ணு பொடவ கலரு டல்லா இருக்குது, கொஞ்சம் தூக்குடா தம்பி. மத்தபடி கடைக்கு அனுப்பிடு."

அதைப் பதினோரு தடவை கேட்டேன். வட்டத்தைப் பார்த்தாளா, பார்க்கவில்லையா? போனில் அந்த வட்டம் மிளகு அளவுதான் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாளா, போடாமல் பார்த்தாளா? கேட்டிருக்கலாம். கூச்சம். புடவைக் கலரைத் தூக்கி, சிதம்பரத்தில் பேனர் அடிக்கும் சாந்திக்கு அனுப்பிவிட்டேன். சாந்தி கெட்டிக்காரி, தப்பு இருந்தால் தானே திருத்திவிடுவாள் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

5

வரவேற்பு அன்று நாலு மணிக்கு நானும் ஹென்க்கும் மண்டபத்தில் இறங்கினோம். ஹென்க் நேரே சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார், அங்கே வடை வாசனை. நான் பெட்டியோடு வாசலில் நின்றேன். ரோட்டில் வைக்கக்கூடாது என்பதால் கேட்டுக்கு உள்ளே பேனரை நிறுத்தியிருந்தார்கள். நல்ல பிரிண்ட். புடவை பளிச்சென்று இருந்தது. நித்யாவின் தோளை ஒட்டி என் வட்டம். அதில் நான் மட்டும். பக்கத்தில் ஒரு ரோஜாக் கொத்து.

அக்கா பார்த்திருக்கிறாள், எடுக்கச் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். பரவாயில்லை, ரோஜாவாவது வைத்தாளே என்று என்னை நானே தேற்றிக்கொண்டு தலையை நிமிர்த்தினேன்.

தலைவர்கள் வரிசையில் ஹென்க் இருந்தார்.

மாமாவின் கட்சிக்கு வழக்கமாக வரும் இரண்டு வெளிநாட்டுத் தாடிகளுக்கு அடுத்து, மூன்றாவது தாடியாக, சிவப்புப் பின்னணியில், மாப்பிள்ளையைவிடப் பெரிதாக, எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தடியில் நான் எடுத்த போட்டோ. அவர் உண்மையில் பார்த்தது ஒரு வாத்தை.

சாந்திக்குப் போன் போட்டேன். "அந்த வெள்ளக்காரத் தலைவரு வழுக்கிக்கினு வந்து தாய்மாமன் வட்டத்துல வுழுந்துட்டாருண்ணே" என்றாள். "லேயர் நகந்துடுச்சு போலன்னு நான்தான் தூக்கி மேல வச்சேன். ஒங்க மாமா பாத்திருந்தா என்னா ஆவுறது? காலி எடத்துக்கு ரோஜா போட்டேன். நல்லா இருக்குதா?"

நல்லா இருக்குது என்றேன். வேறென்ன சொல்வது? ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. யாருக்கும் தெரியாது, யாருக்கும் சங்கடம் இல்லை, ஹென்க்குக்கும் மரியாதை. இப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கும்போதே சங்கத்தின் மூத்தவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். எல்லோரும் அவரைத் தோழர் என்றே கூப்பிடுவார்கள், அவரும் எல்லோரையும் அப்படியே. மாமா ஓடிப் போய் வரவேற்றார். தோழர் மாமாவைப் பார்க்கவில்லை. பேனரைப் பார்த்தார்.

"மூணாவதா இருக்கறவரு யாரு தோழர்? நான் படிச்சதில்லையே."

மாமா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பிச்சாவரத்தில் ஒரு மணி நேரம் முட்டி இடிக்கப் பார்த்த தாடி. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் கழுத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. ஆனால் தெரியாது என்று மாமா வாழ்க்கையில் சொன்னதில்லை.

"ஹாலந்து" என்றார்.

"ஹாலந்துல எந்தத் தொறை?"

"பாலம். பாலத் தொழிலாளருங்க."

"ஓ. பாலத்த மறிச்சுப் போராட்டம் நடத்துனாரா?"

"தெனமும் மறிப்பாரு" என்றார் மாமா.

தோழர் செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டு நேராக நின்று, பேனரைப் பார்த்துக் கை முஷ்டியை உயர்த்தினார். "எப்பக் காலமானாரு?"

அந்த நேரம் பார்த்து ஹென்க் சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தார். கையில் மெதுவடை. கடித்தார்.

தோழரின் கை பாதியில் நின்றது. மாமா என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். பெண் வீட்டார் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். திட்டக்குடியிலிருந்து வந்திருந்த மாமாவின் அண்ணனும் வந்து நின்றார். "அவரு வந்து… மச்சானோட…" என்று மாமா ஆரம்பித்தார். நான் காத்திருந்தேன். பிரெண்டு என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது, நாளை மறுநாள் ஊருக்குப் போய் மறுபடி வெள்ளை இடத்தில் ரொட்டி அடிக்க வேண்டியதுதான். மாமா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. வேறு வார்த்தையும் வரவில்லை.

அக்கா தாம்பாளத்தோடு வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், பேனரைப் பார்த்தாள். "இவர யாரு மேல ஏத்துனது?"

"ராணி, நீ உள்ள போ" என்றார் மாமா.

"நான் பாத்து அனுப்பச் சொன்னப்ப தம்பி பக்கத்துல இருந்தாரு. கண்ணாடி போட்டுக்கினுதான் பாத்தேன்." தோழர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அவரு தலைவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எந்தம்பி கட்டிக்கினவரு. அந்த ஊர்ல ரிஜிஸ்டர் பண்ணிக் கட்டிக்கினாங்க. பன்னெண்டு வருசம் ஆவுது."

உள்ளே நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். தோழர் கையை மெல்ல இறக்கினார். ஹென்க்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பேனரைப் பார்த்தார். எத்தனையோ கூட்டங்களில் தீர்மானம் படித்த முகம்.

"இது பெரிய தப்பு தோழர்" என்றார் மாமாவிடம்.

நான் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"சொந்தக்காரர எப்புடித் தலைவருங்க வரிசையில போடலாம்? நாளைக்கு எதிர்க் கட்சிக்காரன் குடும்ப அரசியல்னு கேக்க மாட்டானா? மொதல்ல எறக்குங்க. அவரு எங்க இருக்கணுமோ அங்க போடுங்க."

மாமா மூச்சை விட்டார். இத்தனை வருடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தவருக்கு நடைமுறை என்று ஒன்று கிடைத்துவிட்டது. "தோழர் சொல்றது சரி" என்று போனை எடுத்தார். "சாந்தியா? ஒரு ஸ்டிக்கர் அடிக்கணும்மா. மச்சான் வட்டம். ஆமா, ரெண்டு பேரும் இருக்கறது. தெரியும்மா, ஆம்பளதான். ரெண்டும் ஆம்பளதான். நீ அடி."

ஒரு மணி நேரத்தில் ஸ்டிக்கர் வந்தது. ஏணி தேடினார்கள், ஹென்க் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறித் தானே ஒட்டினார். கீழே நின்று நித்யா, "இன்னும் கொஞ்சம் மேல, மேல" என்று சத்தம் போட்டாள். "போதும்" என்றார் ஹென்க். அந்த ஒரு தடவை எல்லோரும் நம்பினார்கள். தலைவர்கள் வரிசையில் அவர் இருந்த இடத்துக்குச் சாந்தி பெரிய ரோஜா ஒன்று அடித்துக் கொடுத்திருந்தாள். அன்று வந்தவர்களெல்லாம் இரண்டு தாடிகளுக்கு அடுத்து ஒரு ரோஜா ஏன் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். திட்டக்குடி அண்ணன் ஸ்டிக்கர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "இதெல்லாம் சபையில போடணுமா?" என்று மாமாவிடம் கேட்டார். "போட்டாச்சுண்ணே, சாப்புட வா" என்றார் மாமா. அவர் அன்று பந்தியில் உட்காரவில்லை.

காலையில் முகூர்த்தத்துக்கு முன் தாய்மாமன் சீர். தட்டைத் தூக்கிக்கொண்டு நான் தனியாக நடக்கக் கிளம்பியபோது, மணவறையிலிருந்தே நித்யா, "ரெண்டு பேரும் வாங்க மாமா, தட்டு கனமா இருக்குது" என்றாள். அவ்வளவு கனம் இல்லை. ஹென்க் பழத்தட்டை எடுத்துக்கொண்டு, தோரணத்தில் இடிக்காமல் குனிந்து வந்தார். நான் நித்யாவின் நெற்றியில் பட்டம் கட்டினேன். முதல் முடிச்சு சரியாக விழவில்லை. இரண்டாவது முடிச்சை ஹென்க் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

6

மறுநாள் பேனரைக் கழற்றினார்கள். திட்டக்குடி அண்ணன் வைக்கோல் போரை மூட வேண்டும் என்று அதைக் கேட்டு வாங்கி, சுருட்டி, டெம்போவில் ஏற்றினார். கிளம்பும் முன் நாலு இட்லி சாப்பிட்டார். ஊரில் போரின் மேல் முகங்களை உள்பக்கமாக வைத்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியக் கட்டினாராம். சாயங்காலம் அங்கே மழை. வைக்கோல் நனையவில்லை.